வீட்டிலேயே பிரேக் வேலை பார்த்த பிறகு பிரேக் சரியில்லையா? பழுதை வரிசையாகப் பிடிக்கும் முழு வழிகாட்டி

புது பேடு போட்டாயிற்று, பிரேக் ஆயில் மாற்றியாயிற்று, எல்லா போல்ட்டும் முறுக்கியாயிற்று. ஆனால் லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, அல்லது சக்கரம் இறுகிக்கொண்டு சுற்ற மறுக்கிறது, அல்லது கிரீச்சென்று ஒரு சத்தம். அந்த நிலையில் கையில் ஸ்பானரோடு நிற்பவருக்காக எழுதுகிறேன்.

பெங்களூரில் ஈஜிபுராவில் எங்கள் குடியிருப்பின் பேஸ்மெண்டில் ஞாயிறு காலையானால் இரண்டு மூன்று பேராவது வண்டியைப் பிரித்து வைத்திருப்பார்கள். நானும் பல வருடமாக என் பைக், ஸ்கூட்டர் இரண்டின் பிரேக் வேலையையும் அங்கேதான் பார்க்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பழுது கடினமானது என்பதால் இல்லை, பார்க்கும் வரிசை தப்பாக இருப்பதால். லீவர் அமுங்கினால் உடனே ஜே.சி. ரோடுக்குப் போய், லீவரைப் பிடித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கான கிட் வாங்கி வந்துவிடுகிறார்கள். வேலைக்கு முன் நன்றாக இருந்த பிரேக் வேலைக்குப் பின் கெட்டிருந்தால், காரணம் பெரும்பாலும் நீங்கள் கழற்றி மாட்டிய இடத்தில்தான் இருக்கும். அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

இது முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் அல்லது டிஸ்க் உள்ள இருசக்கர வண்டிகளுக்கானது. காருக்கும் அடிப்படை இதேதான் என்றாலும் அங்கே பூஸ்டர், ஹேண்ட் பிரேக் என்று வேறு விஷயங்கள் சேரும், அவற்றுக்குள் நான் போகவில்லை.

1. முதலில் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள்

"ஒரு ரவுண்டு போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்ற எண்ணம்தான் மிக ஆபத்தானது. பிரேக் பழுதில் முக்கால்வாசியை வண்டி நின்ற இடத்திலேயே கையால் கண்டுபிடித்துவிடலாம். ரோட்டில் போய்க் கண்டுபிடிக்க வேண்டியது மிகக் குறைவு, அதுவும் கடைசியில்தான்.

இரண்டாவது மாடியில் இருக்கும் தர்மபுரிக்காரத் தம்பி ஒருவர் முன்பக்க பேடு மாற்றினார். வேலை சுத்தமாகத்தான் செய்திருந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து பேஸ்மெண்ட் சரிவில் ஏறிப் போனார், ஏறும்போது பிரேக் தேவைப்படவில்லை. மேலே கேட் பக்கம் லீவரைப் பிடித்தார், அது நேராக வந்து கைப்பிடியில் முட்டியது. மெதுவாகப் போனதால் மட்கார்டு உடைந்ததோடு தப்பித்தார். "அண்ணா, எல்லாம் சரியாத்தான் மாட்டினேன், ஆயில்கூட எங்கயும் லீக் ஆகலை" என்று நடுங்கிக்கொண்டே சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அவர் விட்டது ஒன்றே ஒன்று, பேடு மாட்டியதும் லீவரைப் பலமுறை அடித்து, பேடைத் தள்ளும் பிஸ்டனை வெளியே கொண்டுவரவில்லை.

காரணம் எளிது. தடிமனான புது பேடு உள்ளே போக வேண்டும் என்று பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். லீவரை ஒருமுறை பிடித்தால் நகரும் ஆயில் மிகக் கொஞ்சம். அந்த இடைவெளி மூடுவதற்கு ஆறேழு அடியாவது வேண்டும், சில வண்டியில் பத்துக்கு மேலும் ஆகும்.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

வேலையைத் தொடங்கிவிட்டு நடுவில் கடைக்கு ஓடக்கூடாது. ஆயில் டப்பா திறந்தபடி கிடந்தால் அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்தில் இன்னும் வேகமாக.

காலிப்பரில் (பேடையும் பிஸ்டனையும் பிடித்திருக்கும் பகுதி) காற்றும் பழைய ஆயிலும் வெளியேறத் திறக்கும் நிப்பிளுக்கு ரிங் ஸ்பானர், பெரும்பாலான வண்டிகளில் 8 எம்எம். ஓப்பன் ஸ்பானர் போட்டால் நிப்பிளின் முனைகள் மழுங்கிவிடும், அப்புறம் அது எதற்கும் அசையாது. மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய தெளிவான டியூப் ஒரு முழம், ஒரு பழைய கண்ணாடி பாட்டில், வெள்ளை டிஷ்யூ பேப்பர், டார்ச், கையுறை, ஒரு பக்கெட் தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் அரித்துவிடும், பட்டவுடன் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும்.

பிரேக் ஆயில் சீல் உடைக்காத புது பாட்டிலாக இருக்க வேண்டும். எந்த வகை என்பது வண்டியில் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடியிலேயே போட்டிருக்கும், இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், அது வேறு இனம், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் டாட் 5.1-ஐயும் டாட் 5-ஐயும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய பேர். போன வருடம் திறந்து பாதி மீதமிருக்கும் பாட்டிலை மறந்துவிடுங்கள்.

டிஸ்க் துடைக்க பிரேக் கிளீனர் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம், அவை எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், ரப்பர் சீலிலும் பட்டால் ஊதிவிடும். முடிந்தால் அளவு பார்த்து முறுக்கும் ஒரு டார்க் ரெஞ்ச், எஸ்.பி. ரோடு பக்கம் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். அதோடு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் முறுக்கு அளவுகள்.

3. செய்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்

இதைச் சொன்னால் பலரும் தலையாட்டிவிட்டு எழுதாமல் விடுவார்கள். எழுதுங்கள். எதையெல்லாம் கழற்றினீர்கள், எந்த வரிசையில், எதைப் புதிதாகப் போட்டீர்கள், எந்த ஸ்ப்ரே அடித்தீர்கள், தரையில் ஏதாவது வாஷரோ கிளிப்போ மிச்சம் கிடக்கிறதா. பிரிக்கும் முன் போட்டோ எடுத்திருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பேடு மட்டும் மாற்றி, ஹோஸ் எதையும் கழற்றாமல் இருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியென்றால் ஏர் எடுக்க, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, மெனக்கெடுவதற்கு முன் பேடு உட்கார்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஆயில் ஹோஸின் முனையைப் பிடித்திருக்கும் பேன்ஜோ போல்ட்டைக் கழற்றியிருந்தால் கதை வேறு, காற்று கட்டாயம் போயிருக்கும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே அரை நாள் மிச்சம்.

4. லீவரைக் கையால் கேளுங்கள்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். லீவரைப் பத்துமுறை மெதுவாக அடியுங்கள், பிறகு இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் அப்படியே வையுங்கள். விட்டுவிட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றுங்கள். பின்னால் ஒருவர் அழுத்திப் பிடித்தாலே தூக்கிவிடலாம்.

லீவர் பஞ்சு மாதிரி இருக்கிறதா, அல்லது பிடித்தபடி இருக்கும்போதே மெல்ல இறங்குகிறதா? ஐந்தாம் பகுதிக்குப் போங்கள். லீவர் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தவில்லை என்றால் ஆறு. லீவரை விட்ட பிறகும் சக்கரம் இறுக்கமாகச் சுற்றினால் ஏழு. பிடிப்பு நன்றாக இருந்து சத்தமோ அதிர்வோ மட்டும் என்றால் எட்டு. பின்பக்க டிரம் வேலை செய்திருந்தால் ஒன்பதைத் தவறவிடாதீர்கள், அங்கே உயிர்போகும் ஒரு பிழை இருக்கிறது.

5. லீவர் அமுங்குகிறது

இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள், அதனால் நிதானமாகப் போகலாம்.

முதலில் பார்க்க வேண்டியது கசிவு. பேன்ஜோ போல்ட்டுகள் இரண்டு இடத்திலும், நிப்பிளிலும், காலிப்பரின் பிஸ்டன் ஓரத்திலும், லீவர் மாட்டும் இடத்தின் அடியிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு லீவரை இறுக்கி ஒரு நிமிடம் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட வெள்ளைப் பேப்பரில் ஈரமாகத் தெரியும். பேன்ஜோவில் ஈரம் இருந்தால் மேலும் மேலும் முறுக்காதீர்கள். அங்கே ஹோஸின் இரு பக்கமும் ஒவ்வொரு காப்பர் வாஷர் இருக்க வேண்டும், ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை ஒழுங்காக அடைக்காது. புது வாஷர் சில ரூபாய்தான். பழையதைப் போட்டு முறுக்கித் திரெட்டைக் கெடுத்தால் காலிப்பரே போய்விடும்.

கசிவு இல்லை, ஆனால் பிடித்தபடியே லீவர் மெல்ல இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் ஆயிலைத் தாண்டவிடுகிறது. வேலைக்கு முன் நன்றாக இருந்தது எப்படிக் கெடும்? ஏர் எடுக்கும்போது லீவரைக் கடைசி வரை அழுத்தி அழுத்தி விடுவோம். தினசரி ஓட்டத்தில் அந்தக் கப் சிலிண்டரின் அந்தக் கடைசிப் பகுதிக்குப் போவதே இல்லை. அங்கே வருடக்கணக்காகப் படிந்த அழுக்கும் அரிப்பும் இருக்கும், கப் அதில் உரசிக் கிழியும். அதனால் பழைய வண்டியில் ஏர் எடுக்கும் முன் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே விரல் தடிமன் மரத்துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள், லீவர் கடைசி வரை போகாது.

கசிவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஆனால் ஸ்பிரிங் மாதிரி துள்ளுகிறது, இரண்டு மூன்று அடி அடித்தால் கெட்டியாகி, சற்று விட்டால் மறுபடி அமுங்குகிறது என்றால் உள்ளே காற்று. ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும், அவ்வளவுதான்.

ஏர் எடுக்கும் வரிசை இது. ஹேண்டிலைத் திருப்பி ஆயில் டப்பா மட்டமாக நிற்கும்படி வையுங்கள். டப்பாவைச் சுற்றியும் டேங்க் மேலும் ஈரத்துணி போடுங்கள். மூடியைத் திறந்து மேல் கோடு வரை ஆயில் ஊற்றுங்கள். முதலில் ரிங் ஸ்பானரை நிப்பிளில் மாட்டிவிட்டு அதன்மேல் டியூபைச் செருகுங்கள், மாற்றிச் செய்தால் ஸ்பானர் உள்ளே போகாது. டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். லீவரை மூன்று நான்கு முறை அடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், நிப்பிளைக் கால் சுற்று திறங்கள், லீவர் மரத்துண்டு வரை போகும், நிப்பிளை மூடுங்கள், அதன்பிறகே லீவரை விடுங்கள். நிப்பிள் திறந்திருக்கும்போது லீவரை விட்டால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். ஒரு மணி நேரம் செய்தும் சரியாகவில்லை என்று வருபவர்களில் நிறைய பேர் செய்வது இதைத்தான். தனியாகச் செய்யாமல் ஒருவரை லீவர் பிடிக்கச் சொல்லி, "பிடி", "விடு" என்று வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள்.

ஐந்தாறு முறைக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போய்க் காற்று இழுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

டியூபில் குமிழ் வரவில்லை, ஆனாலும் லீவர் துள்ளுகிறது என்றால் காற்று மேலே தங்கியிருக்கிறது. காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடும், மாஸ்டர் சிலிண்டரின் பேன்ஜோதான் அந்த இடம். அதைச் சுற்றித் துணி கட்டி, லீவரைப் பிடித்தபடி பேன்ஜோவை மிக லேசாகத் தளர்த்தி உடனே முறுக்குங்கள், ஆயிலோடு சீறி ஒரு குமிழ் வெளியே வரும். முடிந்ததும் அங்கேயும் டிஷ்யூ வைத்து ஒருமுறை கசிவு பாருங்கள். இதேபோல நிப்பிள் எப்போதும் காலிப்பரின் மேல்பக்கமாக இருக்க வேண்டும். காலிப்பரைக் கழற்றித் தொங்கவிட்டபடி ஏர் எடுப்பவர்கள் நிப்பிள் கீழே பார்த்தபடி இருப்பதைக் கவனிப்பதில்லை.

இரவு முழுவதும் லீவரை கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி வைப்பதும் சிறு குமிழ்களை மேலே கொண்டுவர உதவும். காலையில் கட்டை அவிழ்த்ததும் அவை டப்பாவுக்குள் வெளியேறும். நான் அதை வேலையின் கடைசியில்தான் செய்வேன், ஏர் எடுப்பதற்குப் பதிலாக அல்ல.

இன்னொரு வகை உண்டு. வண்டி குளிர்ந்திருக்கும்போது லீவர் நன்றாக இருக்கிறது, நந்தி மலை மாதிரி நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தபின் அமுங்குகிறது, கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி சரியாகிறது. ஆயில் ஈரம் குடித்திருந்தால் இப்படி ஆகும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். சூட்டில் கொதித்து நீராவி உண்டாகி அது காற்றுபோல நசுங்குகிறது. முழு ஆயிலையும் மாற்றுவதுதான் தீர்வு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் இதனால்தான்.

6. லீவர் கெட்டி, ஆனால் வண்டி நிற்கவில்லை

ஆயில் பக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இனி அதைத் தொடாதீர்கள். பழுது பேடும் டிஸ்க்கும் தொடும் இடத்தில் இருக்கிறது.

பேடைக் கழற்றிப் பாருங்கள். இரும்புத் தகடு டிஸ்க்கைப் பார்த்தபடி, உராயும் பக்கம் பிஸ்டனைப் பார்த்தபடி மாட்டியிருப்பதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். புது பேடில் பிளாஸ்டிக் உறை அல்லது தாள் ஒட்டியிருந்தால் எடுத்தீர்களா? புது டிஸ்க் என்றால் துரு பிடிக்காமலிருக்க அதன்மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதைத் துடைக்காமல் மாட்டினால் முதல் பிடியிலேயே பேடு அந்த எண்ணெயைக் குடித்துவிடும்.

எனக்கு நடந்தது இது. செயின் கழுவி லூப் ஸ்ப்ரே அடித்தேன், மறுநாள் பின்பக்க டிஸ்க் பிரேக் கூச்சலிட்டது, பிடிப்பே இல்லை. பேடு மட்டம் என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டேன், இரண்டு நாளில் அதுவும் அப்படியே ஆனது. கடைசியில் டிஸ்க்கை வெள்ளைத் துணியால் துடைத்தபோதுதான் துணியில் மஞ்சளாகப் பிசுக்கு வந்தது. செயின் ஸ்ப்ரே சக்கரத்தின் கம்பிகள் வழியாகச் சிதறி டிஸ்க்கில் படிந்திருந்தது. டிஸ்க்கைச் சுத்தம் செய்யாமல் பேடை மட்டும் மாற்றியதால் இரண்டாவது ஜோடியும் வீணானது. அதிலிருந்து செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும் முன் டிஸ்க்கை அட்டையால் மூடிவிடுகிறேன்.

எண்ணெய் குடித்த பேடை அடுப்பில் சுட்டோ பெட்ரோலில் ஊறவைத்தோ காப்பாற்றலாம் என்று சொல்வார்கள். வேண்டாம். மேற்பரப்பு காய்ந்தது போலிருக்கும், சூடானதும் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வரும். டிஸ்க்கை ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்து, புது பேடு போடுங்கள்.

எண்ணெய் இல்லை, ஆனால் பேடின் முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது என்றால் பழகுவதற்கு முன்பே அதிகச் சூடாகியிருக்கிறது. முகக்கவசம் போட்டு, 120 நம்பர் உப்புத்தாளைச் சமமான தரையில் வைத்து பேடை எட்டுப்போல் வரைந்து லேசாகத் தேய்த்தால் போதும். அந்தத் தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியில் துடையுங்கள்.

எதுவும் தப்பில்லை, எல்லாம் புதிது என்றால் அது இன்னும் பழகவில்லை. பதினொன்றாம் பகுதியைப் பாருங்கள்.

7. லீவரை விட்டும் சக்கரம் இறுகுகிறது

புது பேடு போட்டபின் லேசாக உரசும் சத்தத்தோடு சக்கரம் சுற்றுவது சரிதான். கையால் சுற்றிவிட்டால் அரைச் சுற்றுகூடப் போகாமல் நிற்பதுதான் பழுது. கவனிக்காமல் ஓட்டினால் டிஸ்க் கொதித்து, ஆயில் விரிந்து, போகப்போக பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். சில்க் போர்டு நெரிசலில் முன்சக்கரம் தானாகப் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆயில் டப்பா. பழைய பேடு தேய்ந்திருந்தபோது யாராவது ஆயில் நிரப்பியிருந்தால், புது பேடுக்காக பிஸ்டனை உள்ளே தள்ளியதும் டப்பா வழியும். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள்.

அடுத்து லீவர். லீவரை விட்டதும் முழுவதுமாகத் திரும்ப வருகிறதா, ஆரம்பத்தில் சற்று லூஸ் இருக்கிறதா? மாஸ்டர் சிலிண்டரில் ஒரு மெல்லிய துளை இருக்கிறது, லீவர் முழுவதும் திரும்பினால்தான் அது திறந்து, சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பப் போகும். அழகுக்காக வேறு லீவர் மாட்டியவர்களுக்கு இந்த லூஸ் இல்லாமல் போவது சகஜம். பழைய லீவரை மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம்தான் காலிப்பர். காலிப்பர் நகரும் இரண்டு பின்களையும் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிதாகத் தடவுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ரப்பர் உறையை ஊதவைத்துப் பின்னை இறுக்கிவிடும். பிஸ்டனைச் சுற்றி அழுக்கு காய்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அதைப் பிடித்திருக்கும் ரப்பர் சீல் லேசாக முறுக்கிக்கொண்டு, லீவரை விட்டதும் நிமிர்ந்து மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. அழுக்கோடு பிஸ்டனை உள்ளே தள்ளினால் அந்த இழுப்பு போதாது. அதனால் பேடு மாற்றும்போதே பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்தபிறகுதான் தள்ள வேண்டும்.

சக்கரத்தையே கழற்றி மாட்டியிருந்தால் ஆக்சிலின் இரு பக்கமும் இருக்கும் புஷ்களைப் பாருங்கள். இடம் மாறிப் போட்டால் டிஸ்க் நடுவில் நிற்காமல் காலிப்பரின் ஒரு பக்கம் உரசும்.

8. சத்தமும் நடுக்கமும்

கிரீச் சத்தம் முதல் நூறு கிலோமீட்டருக்குள் தானாகக் குறைந்தால் கவலை இல்லை. டக் டக் என்று ஆடும் சத்தம் என்றால் பேடை அழுத்திப் பிடிக்கும் தகட்டு ஸ்பிரிங்கை மாட்ட மறந்திருப்பீர்கள், அல்லது தலைகீழாக மாட்டியிருப்பீர்கள். இரும்பு இரும்பில் உரசும் கரகரப்பு என்றால் உடனே நிறுத்திக் கழற்றுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலில் துடிக்கிறது என்றால் டிஸ்க் நேராக ஓடவில்லை. புது டிஸ்க் போட்டிருந்தால் அது உட்காரும் முகத்தில் துரு, பெயிண்ட் துணுக்கு இருக்கிறதா பாருங்கள், போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். பழைய டிஸ்க் என்றால் அதன்மேல் எழுதியிருக்கும் குறைந்தபட்சத் தடிமனை அளந்து பாருங்கள், அதற்குக் கீழே போயிருந்தால் அதில் புது பேடு போடுவதே வீண்.

9. பின்பக்க டிரம்

பின்சக்கரத்தைக் கழற்றியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, பிரேக் பிளேட்டையும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் இரும்புப் பட்டை. அதன் நட் முறுக்கியிருக்கிறதா, ஸ்பிளிட் பின் போட்டு வளைத்திருக்கிறதா? இதை மாட்டாமல் பிரேக் பிடித்தால் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், பிரேக் கம்பியைப் பிய்த்துக்கொண்டு சக்கரம் பூட்டிக்கொள்ளும். நிறுத்தி வைத்துக் கையால் சுற்றும்போது எல்லாம் சரியாகவே தெரியும், வேகத்தில் பிடிக்கும்போதுதான் தெரியவரும். அதனால் இதை மட்டும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள். சில வண்டிகளில் பட்டைக்குப் பதிலாக பிளேட்டில் ஒரு பள்ளமும் ஸ்விங் ஆர்மில் ஒரு முனையும் இருக்கும், அது பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும்.

புது ஷூ போட்டபின் மிதி ஆழமாகப் போனால், ஷூவை விரிக்கும் கேமின் ஆர்மை வேறு பல்லில் மாட்டியிருக்கலாம். ஆர்மிலும் கேமிலும் இருக்கும் புள்ளிகள் நேராக வர வேண்டும். அதன்பிறகு நட்டை முறுக்கி, மிதியின் நுனி 20 முதல் 30 எம்எம் இறங்கியதும் பிரேக் தொடங்கும்படி வையுங்கள். ஷூ நடுவில் உட்கார, ஆக்சில் நட்டைக் கடைசியாக முறுக்கும்போது ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் ஸ்கூட்டரில் ஒரு கேபிளை மட்டும் இறுக்கிவிட்டு விட்டால் மற்றது இழுபடும். ஒன்றைத் தொட்டால் இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

10. ஏபிஎஸ் வண்டி

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால் இப்போது பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. சாவி போட்டதும் விளக்கு எரிவதும், வண்டி சற்று நகர்ந்ததும் அணைவதும் சரியான நடத்தை. நகர்ந்த பிறகும் எரிந்தால், சக்கரம் கழற்றியபோது சென்சாரைத் தொட்டிருப்பீர்கள். அதன் முனையில் இரும்புத் தூள், சேறு, பல்வளையத்தில் வளைவு, ஒயர் எங்காவது நசுங்கியிருப்பது, இவற்றைப் பாருங்கள்.

ஆயில் மாற்றும்போது டப்பா காலியாகிக் காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போயிருந்தால் வீட்டில் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் லீவர் முழுவதும் கெட்டியாகாமல் போகலாம். அந்த யூனிட்டுக்குள் இருக்கும் பம்பை ஓடவைக்க சர்வீஸ் சென்டரில் இருக்கும் கருவி வேண்டும். வண்டியை ஓட்டிப் போகாமல் ஏற்றி அனுப்புங்கள்.

11. சோதனை ஓட்டமும் பேடைப் பழக்குவதும்

இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே முதலில் முன், அப்புறம் பின் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். சமதளத்தில் நடை வேகத்தில் ஓட்டி மறுபடி. இந்த இரண்டும் திருப்தி என்றால்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காலியாக இருக்கும் உள்தெரு நல்லது, மேம்பாலம் வேண்டாம், பின்னால் ஆளை ஏற்ற வேண்டாம்.

பழக்குவதற்கு, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சுமார் 10 வரை மிதமாகப் பிடித்துக் குறையுங்கள், விட்டு ஓட்டி ஆறவிடுங்கள், மறுபடி. இருபது முப்பது முறை. பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படிவதற்காக இது. சூடாக இருக்கும்போது முழுவதும் நிறுத்தி லீவரை இறுக்கிப் பிடித்தபடி நிற்காதீர்கள், அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்து பின்னால் நடுக்கம் வரும். திரும்பி வந்ததும் டிஸ்க்கின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம். பிரேக்கே பிடிக்காமல் சும்மா ஓட்டி வந்தும் சூடு அடித்தால் ஏழாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

12. மறுநாளும் அடுத்த வாரமும்

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டிலும் அது உட்கார்ந்த இடத்திலும் சேர்த்து நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்கிறது என்று குனிந்து பார்த்த நொடியில் தெரியும். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் லீவர், தரையில் சொட்டு, டப்பாவின் அளவு மூன்றையும் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஆனதும் இன்னொருமுறை.

பழைய பேடை எறியாமல் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதி ஒரு கவரில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இரண்டு ஜோடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பேடு தேய்ந்து மற்றது அப்படியே இருந்தால் காலிப்பர் பின் நகரவில்லை, ஒரே பேடு ஒரு முனையில் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அது ஒழுங்காக உட்காரவில்லை. அந்த இரண்டையும் லீவர் உங்களுக்குக் காட்டாது.